வலியின் பிறந்த தேதி

அந்த இடி ஓர் இடியே இல்லை. உக்கடம் சிக்னலில் பச்சைக்காகக் காத்து நின்ற காரை, ஆளில்லாமல் ஓடும் சரக்கு வேன் ஒன்று பின்னால் வந்து தொட்டது. பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். வேன் உடனே பெண் குரலில் மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்டது. காருக்குள் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்த சீர்த்தட்டில் ஒரு லட்டுகூட உருளவில்லை. மிருதுளாவின் தலை மட்டும் பின்னால் போய், சாய்ந்துகொள்ள எதுவும் கிடைக்காமல், முன்னால் வெட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் காரில் பின் இருக்கையின் இரண்டு ஓரங்களுக்கும் தலை சாய்க்கத் திண்டு உண்டு. நடுவுக்குக் கிடையாது. மிருதுளா நடுவில் இருந்தாள்.

வழக்கமாக நடுவில் உட்காருகிறவள் பூங்கொடி, அந்த வீட்டின் மூத்த மருமகள். ஜன்னலோரம் இளையவள் மிருதுளாவுக்கு, ஏனென்றால் அவளுக்குக் காரில் வாந்தி வரும். மறு ஓரம் மூட்டைக்கோ தட்டுக்கோ. மிருதுளா வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு, யாரும் கூடிப் பேசி முடிவுசெய்தது இல்லை. அன்றைக்குப் பொள்ளாச்சியில் வயசுக்கு வந்த ஒரு பெண்ணின் தெரட்டிச் சீருக்குப் புறப்பட்டபோது, பூங்கொடிக்கு என்ன தோன்றியதோ, முதல் ஆளாக ஏறி ஜன்னலோரத்தில் கைப்பையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மிருதுளா ஒரு நொடி நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, மோந்துகொண்டே நடுவில் நுழைந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பூங்கொடிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மிருதுளாவால் படுக்கையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கழுத்து நரம்பு சாட்டை மாதிரிச் சுண்டியிருக்கிறது என்றார் டாக்டர். கழுத்துக்கு ஒரு பட்டை வந்தது. அதோடு மாமியார் தங்கமணியின் கவனிப்பும் வந்தது. மாதுளையை உரித்து முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். "திரும்பாத கண்ணு, நானே இக்கட்டால வர்றேன்" என்று கட்டிலைச் சுற்றி வந்து உட்கார்ந்தாள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மிருதுளாவின் கணவன் நாளுக்கு நான்கு தடவை வீடியோவில் வந்து முகத்தைத் தொங்கப்போட்டான்.

பூங்கொடி இதையெல்லாம் அடுப்படியிலிருந்து பார்த்தாள். அவளுக்கும் கழுத்து வலிதான். நேற்றைய வலி இல்லை, பல வருஷத்து வலி. எப்போது தொடங்கியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மாவாட்டும்போது வலிக்கும், துணி காயப்போடும்போது வலிக்கும், தினமும் படுக்கும் முன் தைலம் தேய்த்துக்கொள்வாள். ஆரம்பத்தில் மாமியாரிடம் சொன்னாள். "தலகாணிய மாத்திப் படு, உனக்கு ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தது. புருஷன் குணசேகரனிடம் சொன்னாள். "ம்" என்றான். அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் அவளுக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. இத்தனை வருஷம் அந்த நடு இடத்தில் தேமே என்று உட்கார்ந்திருந்தவள் அவள். ஒரே ஒரு நாள் இடம் மாறினாள், அந்த ஒரு நாள் பார்த்து அடி வந்து, அதுவும் மிருதுளாவுக்கே போய்விட்டது. மாதுளைக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் பூங்கொடிக்கு வயிறு எரிந்தது. இப்படி எரிகிறதே என்று தன்மேலேயே வெறுப்பாகவும் இருந்தது. ஆனாலும் எரிவது நிற்கவில்லை.

வழக்குப் போடலாம் என்று வக்கீல் இன்பசேகரன் வீட்டுக்கே வந்தார். காபியை ஆற்றிக்கொண்டே விளக்கினார்.

"முன்னெல்லாம் இந்தக் கேஸ் ரொம்பச் சுலபமுங்க. கழுத்து வலிக்குதுன்னு சொன்னா யாரு பொய்யின்னு நிரூபிக்க முடியும்? எக்ஸ்ரேல தெரியாது, ஸ்கேன்ல தெரியாது. பின்னால வண்டி லேசா தட்டினாப் போதும், கார்ல இருந்த அஞ்சு பேரும் பட்டை போட்டுட்டு வந்துருவாங்க. கார்லயே இல்லாத சித்தப்பா ஒருத்தர் நொண்டிக்கிட்டு வந்த கேஸக்கூட நான் நடத்தியிருக்கேன்."

"இப்ப?" என்றான் குணசேகரன்.

"இப்ப மெஷின் வந்துருச்சுங்களே. வலி இருக்குதா, எவ்வளவு இருக்குதுன்னு சொல்லும். அது பெரிசில்ல. அந்த வலி என்னிக்குப் பொறந்துச்சுன்னு சொல்லும்."

"வலிக்குப் பொறந்த தேதியா?" தங்கமணி வாயில் கையை வைத்தாள்.

"ஆமாங்கம்மா. மரத்தை அறுத்தா உள்ள வளையம் வளையமா இருக்குதில்ல, அந்த மாதிரி ஒவ்வொரு வலியும் நரம்புல ஒரு தடம் போடுதாம். அதைப் படிச்சு நாளையும் நேரத்தையும் சொல்லிருது. கோர்ட்டு ஆளுங்க அதுக்கு ஜாதக மெஷின்னே பேரு வெச்சுட்டாங்க. நம்ம மிருதுளாவுக்குப் பயமில்ல. விபத்து நடந்த அன்னைக்குப் பொறந்த வலிதான், நிச்சயமா ஜெயிச்சுரும்."

மிருதுளாவுக்கு அந்தத் தீர்ப்பு அவசியம் வேண்டியிருந்தது. அவள் எம்பிராய்டரி வேலைக்காரி, நாள் முழுக்கக் குனிந்து பார்க்கிற தொழில். கழுத்தில் ஒரு அறுவை சிகிச்சை செய்தால் பழையபடி குனியலாம், ஒரு வருஷத்துக்குள் செய்யவில்லை என்றால் நரம்பு அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தீர்ப்பு வந்தால்தான் வேன் கம்பெனி அந்தச் செலவை ஏற்கும். வீட்டில் அத்தனை வசதி கிடையாது.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்றார் வக்கீல். "ஒரே கார்ல இருந்தவங்கெல்லாம் ஒரே மனுதான் போடணும். அதுல ஒருத்தர் தெரிஞ்சே பொய் வலி சொன்னதா ஆச்சுன்னா, மனு மொத்தமும் தள்ளுபடி. குடும்பமே சேர்ந்து ஏமாத்தறதைத் தடுக்கறதுக்கு இந்தச் சட்டம். அதனால வேற யாருக்காச்சும் வலி இருந்தா இப்பவே சொல்லிருங்க. இல்லேன்னா மிருதுளா பேரு மட்டும் போட்டுக்கலாம்."

"எனக்கும் கழுத்து வலிக்குதுங்க."

அடுப்படி வாசலில் நின்று சொன்னது பூங்கொடிதான். அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! அந்தப் பார்வை ருசித்தது.

"விபத்துக்கு அப்புறமா வந்ததுங்களா?" வக்கீல் கொஞ்சம் நிதானமாகவே கேட்டார்.

"ஆமாங்க."

முழுப் பொய் இல்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த இடிக்குப் பிறகு வலி ஒரு படி கூடித்தான் இருந்தது. தேதியைப் பற்றி வக்கீல் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. காதில் ஏறியது ஒன்றுதான். வலி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று அந்த மெஷின் சொல்லும். நாலு பேர் நடுவில், சத்தமாகச் சொல்லும். மாமியார் கேட்பாள், புருஷன் கேட்பான். இழப்பீடு எவ்வளவு வரும் என்று அவள் கடைசிவரை கேட்கவேயில்லை.

மனுப் படிவத்தில் 'விபத்தின்போது அமர்ந்திருந்த இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மிருதுளா 'நடு' என்று எழுதினாள். பூங்கொடி 'இடது ஓரம்' என்று எழுதிவிட்டுப் பேனாவைச் சட்டென்று மூடினாள்.

அக்டோபர் இருபதாம் தேதி காலை பதினொரு மணிக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவர்கள் வழக்கு வந்தது. பார்ப்பதற்கு அந்த மெஷின் முடிதிருத்தும் கடை நாற்காலி போலத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் பிடரியில் குளிர்ந்த பட்டை ஒன்றைப் பொருத்துவார்கள். அதை இயக்குகிறவள் ஹசீனா என்ற பெண். ஒரு நாளைக்கு முப்பது கழுத்து பார்க்கிறவளுக்கே உரிய அலுப்பு அவள் முகத்தில் இருந்தது.

முதலில் மிருதுளா. ஹசீனா திரையைப் பார்த்துப் படித்தாள். "கழுத்து, இடது பக்கம். அளவு ஐந்து புள்ளி ஒன்று. வயது நான்கு மாதம் பத்தொன்பது நாள்."

நீதிபதி நாள்காட்டியைப் பார்த்தார். ஜூன் ஒன்று. விபத்து நடந்த நாள். எழுதிக்கொண்டார்.

தங்கமணி ஓடிப்போய் மிருதுளாவின் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள். "பாவம், எத்தனை வலியத் தாங்கிட்டு இருந்திருக்குது பாரு" என்று குணசேகரன் சொன்னான். பூங்கொடியிடமே சொன்னான். பதினான்கு வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறவன்.

"அடுத்தது நீங்களாக்கா?" என்று கேட்ட ஹசீனா குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. பட்டைய வெச்சுட்டா அப்புறம் வாபஸ் வாங்க முடியாது."

பூங்கொடி தயங்கினாள். எழுந்து போயிருப்பாளோ என்னவோ. ஆனால் அதே நேரம் தங்கமணி தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, உரித்த மாதுளையை மிருதுளாவுக்கு ஊட்டினாள். கோர்ட்டுக்குள்! பூங்கொடி போய் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைக் கொடுத்தாள்.

"கழுத்து, வலது பக்கம்" என்று ஹசீனா படித்தாள். "வலி இருக்கு. அளவு ஆறு புள்ளி எட்டு."

ஆறு புள்ளி எட்டு! மிருதுளாவை விட அதிகம்! பூங்கொடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்காலியிலிருந்தே மாமியாரைப் பார்த்தாள். தங்கமணியின் கை மாதுளையோடு பாதி வழியில் நின்றிருந்தது. குணசேகரன் முதல்முறையாகப் பார்ப்பவனைப் போல மனைவியைப் பார்த்தான். அந்த மூன்று நொடிகளுக்காக அவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

"வயது" என்ற ஹசீனா நிறுத்தினாள். திரையை ஒருமுறை துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஆறு வருடம், எட்டு மாதம், பதினொரு நாள். காலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில்."

வேன் கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "பழைய வலியைக் கொண்டுவந்து எங்க தலையில கட்டப் பார்க்கறாங்க. மொத்த மனுவையும் தள்ளுபடி செய்யணும்னு கேட்டுக்கறேன்."

இன்பசேகரன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி நாள்காட்டியைப் பின்னோக்கித் தள்ளினார். "பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. தை மாசம் இருபத்தாறு. அன்னைக்கு உங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

தை இருபத்தாறு, ஞாயிறு, காலை ஆறரை முதல் ஏழு. அந்த வீட்டில் இந்தத் தேதி தெரியாதவர் யாரும் இல்லை. ஹாலில் பெரிய படமாக மாட்டியிருக்கிற முகூர்த்த நேரம் அது. மிருதுளாவின் கல்யாணம்.

பூங்கொடிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மணமேடைக்கு வலப்பக்கம் நின்றிருந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அரிசியைத் தூவினார்கள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பூங்கொடியின் கல்யாணத்தில் வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்த அதே மாமியார், இந்தப் பெண்ணைப் பார்த்து ஆனந்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பூங்கொடி சுவர்ப்பக்கம் வெடுக்கென்று கழுத்தைத் திருப்பினாள். உள்ளே ஏதோ சொடக்கென்றது. மேளம் ஓயும்வரை அவள் திரும்பவேயில்லை.

இத்தனை வருஷமும் அவள் தைலம் தேய்த்தது அந்தப் பொறாமைக்குத்தான். இதை எப்படி ஒரு கோர்ட்டில் சொல்வது?

"நான் சொல்லலாங்களா ஐயா?" என்று எழுந்தாள் மிருதுளா. கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்பு முழுவதையும் நீதிபதி பக்கம் திருப்பிக்கொண்டாள். "அன்னைக்கு என்ற கல்யாணமுங்க. விடியக்காலைல டிபன் பந்திக்கு ஆள் பத்தலைன்னு அக்காதான் இட்லிக் குண்டாவத் தூக்கினாங்க. அப்பக் கழுத்துல பிடிச்சிருக்கும். ரெண்டு நாள்ல சரியாப் போச்சுன்னு சொன்னாங்க. இப்ப இடிச்சதுல திரும்ப வந்திருக்குது. அதே வலிதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

பூங்கொடி அன்று எந்தக் குண்டாவையும் தூக்கவில்லை. பட்டுப்புடவை கசங்கிவிடும் என்று ஒரு சொம்பைக்கூடத் தொடவில்லை.

"சொல்லிக்கொடுக்கறாங்க!" என்று கம்பெனி வக்கீல் கத்தினார்.

நீதிபதி கையமர்த்திவிட்டு ஹசீனாவைக் கேட்டார். "நடுவுல இந்த வலி இருந்துச்சா இல்லையான்னு மெஷின்ல தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா. பொறந்த நேரமும் இன்னைய அளவும்தான் வரும். நடுவுல தூங்குச்சா முழிச்சிருந்துச்சான்னு ஆளைத்தான் கேக்கணும்."

"சரி" என்று நீதிபதி பூங்கொடியைப் பார்த்தார். "சத்தியப் பிரமாணம் செஞ்சிருக்கீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. விபத்துக்கு முன்னாடி இந்த ஆறு வருஷத்துல உங்களுக்குக் கழுத்து வலி இருந்துச்சா? இருந்துச்சுன்னா தெரிஞ்சே பொய் மனு போட்டதா ஆகும், எல்லாம் தள்ளுபடி. இல்லேன்னா உங்க பேரை மட்டும் நீக்கிட்டு மத்ததை எடுத்துக்கறேன்."

ஒரு 'ஆமாம்' போதும். தினம் தினம் வலித்தது, சொன்னேன், யாரும் காது கொடுக்கவில்லை என்று நீதிபதி முன்னால் சொல்லலாம். தட்டச்சில் ஏறும், முத்திரை விழும். அவள் இங்கே வந்ததே அதற்குத்தானே. மிருதுளாவின் சிகிச்சை போய்விடும். போனால் என்ன? மாதுளை உரித்துப் போட ஆள் இருக்கிறதே அவளுக்கு.

மிருதுளாவைப் பார்த்தாள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை. பட்டை போட்ட கழுத்தோடு மரம் மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தாள். அப்படித்தான் அவளால் நிற்க முடியும். இனி எப்போதும் அப்படியேதான் நிற்க வேண்டியிருக்கும். அந்தத் திண்டில்லாத நடு இருக்கைக்கு அவளை அனுப்பியது யார் என்று எந்த மெஷினும் கேட்கவில்லை. கட்டத்தில் 'இடது ஓரம்' என்று எழுதிய கைக்குத் தெரியும்.

"இல்லீங்கய்யா" என்றாள் பூங்கொடி.

"சத்தமாச் சொல்லுங்கம்மா, பதிவாகணும்."

"இல்லீங்க. விபத்துக்கு முன்னாடி இந்த ஆறு வருஷத்துல ஒரு நாளும் எனக்குக் கழுத்து வலிச்சதில்லீங்க."

தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்து வாங்கினார்கள். பின் வரிசையில் தங்கமணி பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. "நாந்தான் அப்பவே சொன்னனில்ல, இவளுக்கு ஒண்ணுமில்லேன்னு." குணசேகரன் தலையாட்டினான். அவன் முகத்தில் இருந்த சங்கடம் போய்விட்டது. இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமோ என்று பத்து நிமிஷம் வருத்தப்பட்டவனுக்கு, அந்த வருத்தம் தேவையில்லை என்று சட்டப்படியே ஆகிவிட்டது.

மிருதுளாவின் மனு ஏற்கப்பட்டது.

படியிறங்கும்போது மிருதுளா பூங்கொடியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து படியைப் பார்க்க முடியாது அவளால். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். பூங்கொடிக்கு உள்ளே கொதித்தது. காப்பாற்றியதும் இவளே. நல்லவள் என்ற பெயரும் இவளுக்கே. அந்தப் பெருந்தன்மைகூடத் தனக்கு முந்தி இவளுக்குத்தான் வாய்க்க வேண்டுமா!

"எதுக்கு அந்தக் குண்டாக் கதை?" என்று கேட்டாள். "நான் எதையும் தூக்கலைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"அப்புறம்?"

"தாலி ஏறுறப்ப எல்லார் மூஞ்சியும் எனக்கு நேரா தெரிஞ்சுதுக்கா. நீங்க மட்டும் திரும்பிக்கிட்டீங்க." மிருதுளா அடுத்த படிக்குக் காலால் துழாவினாள். "எனக்கு அந்த ஆபரேஷன் வேணும். அதுக்குத்தான் சொன்னேன். உங்களுக்காகச் சொன்னேன்னு நினைச்சுக்காதீங்க."

பூங்கொடிக்கு ஏனோ கொஞ்சம் மூச்சு வந்தது. இது புரிகிற பேச்சு. இதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா உங்களுக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள் மிருதுளா. "வந்த வருஷத்துலருந்தே தெரியும். தினமும் தைல வாசம் எங்க ரூம் வரைக்கும் வரும். அத்தைகிட்டக்கூட ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவங்க கேட்டாத்தானே."

பூங்கொடி நின்றுவிட்டாள். தன் வலியை நம்பிய ஒரே ஒரு ஆள் அந்த வீட்டில் இருந்திருக்கிறாள். ஆறு வருஷமாக, சுவருக்கு அந்தப் பக்கம். அது இவளாகவா இருக்க வேண்டும்?

கீழே கார் பக்கத்திலிருந்து தங்கமணி குரல் கொடுத்தாள். "பாத்து எறங்கு கண்ணு! ஏம்மா பூங்கொடி, அவளைக் கெட்டியாப் பிடிச்சுக்க. உனக்குத்தான் ஒரு நோவும் இல்லையே!"

மிருதுளாவின் பாரம் முழுவதும் பூங்கொடியின் வலது தோளில் இருந்தது. அங்கிருந்து கழுத்து வரை சுரீரென்று இழுத்தது, ஆறு புள்ளி எட்டும் இருக்கும், கூடவும் இருக்கும். அம்மா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது.

"பிடிச்சுத்தான் இருக்கேன் அத்தை" என்றாள்.